இணையத்தில் வாங்கும் 925 கொலுசு: வெள்ளியா, முலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பாம்பனில் இருக்கும் ஒரு தாய், பள்ளிக்கூடம் போகும் மகளுக்காக இணையத்தில் ஒரு ஜோடி கொலுசு பார்த்து வைத்திருக்கிறார். தலைப்பிலேயே '925 ஸ்டெர்லிங் சில்வர்' என்று இருக்கிறது, 3,999 ரூபாயை அடித்துவிட்டு 999 என்று போட்டிருக்கிறார்கள், படத்தில் கொக்கிக்குப் பக்கத்தில் 925 என்ற முத்திரையும் தெரிகிறது. போன தடவை அவருடைய நாத்தனார் இதே மாதிரி வாங்கியது ஒரு மாதத்தில் கறுத்துப்போனதால் அது போலி என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்களாம். பணம் கட்டுவதற்கு முன்னால் எதைப் பார்ப்பது, பொருள் வந்த பிறகு வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்று கேட்கிறார். இந்த இரண்டோடு, கேட்காமல் கேட்ட மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: கறுத்தால் போலியா? நான் அதிலிருந்துதான் தொடங்கப் போகிறேன், அதில் தப்பான முடிவுக்கு வந்துவிட்டால் மற்ற இரண்டிலும் தடம் மாறிவிடும்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் தொழில் பழகியவன். பல வருடமாக இராமநாதபுரத்தில் வெள்ளிச் சாமான் விற்பதும், பழுது பார்ப்பதும், பழைய வெள்ளி எடுப்பதும்தான் வேலை. வெள்ளி விற்கிறவன் இணையக் கடையைப் பற்றிப் பேசும்போது அவனுக்கும் ஒரு லாபக் கணக்கு இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். இணையத்தில் நல்ல வெள்ளி கிடைக்காது என்று நான் சொல்லவில்லை, நல்ல பொருள் நிறையவே வருகிறது, பழுதுக்கு வரும்போது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

சரி, கறுப்பு விஷயம். காற்றில் இருக்கும் கந்தக வாயு, முக்கியமாக ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளியோடு சேர்ந்தால் வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலம் உண்டாகும். ஈரக்காற்று இருந்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். நம் கரையில் இந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. கருவாடு காயும் கொட்டகை, கரை ஒதுங்கி அழுகும் கடல்பாசி, வெயிலில் வேகும் கழிமுகச் சேறு, இதிலிருந்தெல்லாம் வரும் வாடையில் கந்தகம் இருக்கிறது. அதனால் மதுரையில் வெகுநாள் பளிச்சென்று கிடக்கும் அசல் வெள்ளி, கடலோர ஊர்களான மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் சீக்கிரமே மங்கிவிடுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதோடு ரப்பர் பேண்ட், முட்டை, கழிவறைக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் இதெல்லாம் பட்டாலும் வெள்ளி கறுக்கும். ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி இருக்கும் சுத்த வெள்ளியைவிட, 925 பங்கு இருக்கும் ஸ்டெர்லிங் இன்னும் சீக்கிரம் மங்கும், அதில் இருக்கும் செம்பும் சேர்ந்து வினை செய்வதால். உப்புக்காற்றில் வருடம் முழுக்கக் கிடந்தும் துளிகூட மங்காத ஒரு நகையைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்: ஒன்று அது எவர்சில்வர், இல்லையென்றால் மேலே ரோடியம் என்ற மங்காத உலோகத்தால் பாலிஷ் போட்டது, அதுவும் இல்லையென்றால் நிறமில்லாத வார்னிஷ் அடித்தது.

அதனால் உங்கள் நாத்தனாரின் கொலுசு கறுத்தது என்பதை வைத்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும், கறுத்ததாலேயே அது போலி ஆகிவிடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கறுப்பு சொல்லாது. பித்தளை மேல் பூசிய வெள்ளி முலாமும் இதே மாதிரிதான் கறுக்கும். துடைத்த பிறகு என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி ஆப்பச்சோடா போட்டு, கொலுசு அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற மாதிரி சில நிமிடம் வையுங்கள். கறுப்பில் இருந்த கந்தகம் அலுமினியத்தின் பக்கம் போய், வெள்ளி திரும்பவும் வெள்ளியாகவே நிற்கும். கல் வைத்தது, எனாமல் போட்டது, வேண்டுமென்றே கறுப்பேற்றிய டிசைன் இதற்கெல்லாம் இந்த முறை வேண்டாம். வெளுத்த பிறகு ஓரங்களில் மஞ்சளோ செம்பு நிறமோ எட்டிப் பார்த்தால் கீழே வேறு உலோகம். எல்லா இடமும் ஒரே வெள்ளையாக இருந்தால் வெள்ளியாக இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். பச்சை பிடித்தால் செம்பு அதிகமாகக் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வெள்ளி கம்மியாகப் போட்ட அசல் கொலுசிலும் உப்பு வியர்வை பட்டால் பச்சை பிடிக்கும், அதனால் பச்சையைப் பார்த்ததும் முலாம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அசல், போலி என்று இரண்டே வகை என நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். உண்மையில் மூன்று வகை. ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி ரொம்ப மெத்து, வளைந்து நசுங்கிவிடும் என்பதால் இந்தக் கலப்பு. இரண்டாவது வகை, நம் ஊர்க் கடைகளில் தலைமுறை தலைமுறையாக விற்கும் கொலுசு. இதை டச் கணக்கில் சொல்வோம்: 80 டச், 70 டச், அதற்குக் கீழேயும் உண்டு. 80 டச் என்றால் நூற்றுக்கு எண்பது வெள்ளி. இது 925 கிடையாது, ஆனால் போலியும் கிடையாது, உள்ளே வெளியே ஒரே கலவை, உருக்கினால் வெள்ளி வரும், விற்றால் காசு வரும். விற்கிறவர் டச்சை மறைத்து 925 விலை வாங்கினால் அது மோசடி, சொல்லி விற்றால் நியாயமான வியாபாரம். மூன்றாவது வகைதான் முலாம்: பித்தளை, செம்பு, துத்தநாகக் கலவை, இப்படி ஏதோ ஒன்றின் மேல் மைக்ரான் கணக்கில் வெள்ளிப் பூச்சு. ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தால் கொலுசு முழுக்கவும் சேர்த்து ஒரு கிராம் வெள்ளிகூடத் தேறாது. வீட்டில் செய்கிற சோதனைகள் மூன்றாவது வகையை மற்ற இரண்டிலிருந்து நன்றாகவே பிரித்துக் காட்டும். முதல் வகையையும் இரண்டாவதையும் பிரிப்பது வீட்டில் ஆகாது.

இனி பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது. 925 என்ற முத்திரையை ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணை அடிக்கும் உளி யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பித்தளையிலும் அது அழகாகவே விழும். எஸ் 925 என்று இருந்தாலும் இதே கதைதான். கூட வரும் 'உத்தரவாத அட்டை'யை அச்சுக்கடையில் கட்டுக்கட்டாக அடித்து வாங்கலாம். மதிக்க வேண்டிய முத்திரை பி.ஐ.எஸ். ஹால்மார்க், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரச் சான்று முத்திரை. வெள்ளிக்கு அது 2005-லேயே வந்துவிட்டது, 2025 செப்டம்பர் 1 முதல் தங்கத்தைப் போலவே ஆறு எழுத்து எண்கள் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாளமும் வெள்ளிக்குச் சேர்ந்திருக்கிறது. முக்கோண பி.ஐ.எஸ். சின்னம், சில்வர் என்ற சொல், 925 மாதிரியான தர எண், இந்த ஹெச்.யு.ஐ.டி. எல்லாம் நகையிலேயே பொறித்திருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த ஆறு எழுத்தைப் போட்டால் எந்த மையம் சோதித்தது, என்ன பொருள், என்ன தரம் என்று காட்டும். கையில் இருப்பது கொலுசு, செயலியில் மோதிரம் என்று வந்தால் வேறொரு நகையின் எண்ணைத் திருடிப் பொறித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஆனால் தங்கத்துக்குக் கட்டாயம் இருப்பது போல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, விற்பவர் விரும்பினால் போடலாம். அதனால் ஹெச்.யு.ஐ.டி. இருந்து, சரிபார்த்து ஒத்துப்போனால் நிம்மதியாக வாங்கலாம். இல்லையென்றால் அதனாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது, அசல் வெள்ளியே நிறைய ஹால்மார்க் இல்லாமல்தான் விற்கிறது.

ஹால்மார்க் இல்லாதபோது நான் முதலில் தேடுவது எடையை. வெள்ளி என்பது எடைக்கு விற்கும் பொருள். எங்கள் கடையில் ஒரு மெட்டிகூட தராசில் ஏறாமல் விலை சொல்லப்படாது. பத்து அங்குலம், பன்னிரண்டு அங்குலம் என்று நீளத்தைப் போட்டு, 'பெண்களுக்கான அழகிய பரிசு' என்று பத்தி பத்தியாக எழுதி, கிராமை மட்டும் எழுதாமல் விட்ட பக்கத்தை அப்படியே மூடிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். எடை இருந்தால் கணக்குப் போடுங்கள்: எடையை 0.925-ஆல் பெருக்கி, அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையால் பெருக்க வேண்டும், அதுதான் உள்ளே இருக்கும் வெள்ளியின் மதிப்பு, அதன் மேல் செய்கூலியும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் வரும். கணக்குக்கு வசதியாக கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 கிராம் கொலுசில் வெள்ளி மட்டுமே 2,775 ரூபாய்க்கு இருக்கிறது. அதை ஒருவர் 999-க்கு விற்றுத் தள்ளுபடியும் தருகிறார் என்றால் ஒன்று அவர் தன் பணத்தை வாரி இறைக்கிறார், இல்லையென்றால் அது வெள்ளி இல்லை. உண்மையான விலையை நீங்கள் வாங்குகிற அன்றைக்குப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். மறுபக்கமும் சொல்ல வேண்டும்: இப்போது கல்லூரிப் பிள்ளைகள் போடும் நூல் மாதிரியான செயின் கொலுசுகள் ஜோடியே 8 கிராம், 10 கிராம்தான் வரும், அதில் குறைந்த விலை நியாயமாகவே அமையும். அதனால் விலையை மட்டும் பார்க்காமல் படத்தில் தெரியும் கனத்தையும் சேர்த்துப் பாருங்கள். எழுதியிருக்கும் எடை ஜோடிக்கா, ஒற்றைக்கா, கல்லையும் சேர்த்தா என்பதையும் கேட்டுவிடுங்கள், இந்த மூன்றிலும் ஏமாந்தவர்கள் நிறைய.

அடுத்து, தலைப்பை விட்டுவிட்டு அடியில் இருக்கும் விவரப் பட்டியலைப் படியுங்கள். மேலே 925 சில்வர் என்று எழுதியவரே கீழே 'பேஸ் மெட்டல்: பித்தளை' அல்லது 'அலாய்', 'பிளேட்டிங்: சில்வர்' என்று உண்மையை எழுதியிருப்பார், நாளைக்குச் சண்டை வந்தால் அதைக் காட்டித் தப்பிக்கலாம் என்று. பிளேட்டிங் என்ற சொல்லைக் கண்டதும் பயப்படவும் வேண்டாம்: பேஸ் மெட்டல் 925 வெள்ளி, மேலே ரோடியம் பிளேட்டிங் என்றால் அது நல்ல பொருள்தான். சில்வர் பினிஷ், சில்வர் டோன், சில்வர் கோட்டட் என்பவை வெள்ளி நகைக்குச் சொல்கிற வார்த்தைகள் இல்லை. ஆக்சிடைஸ்டு என்பது கறுப்பேற்றிய வேலைப்பாடு, வெள்ளியிலும் செய்வார்கள், பித்தளையிலும் செய்வார்கள், வெறும் ஆக்சிடைஸ்டு என்று போட்டால் பெரும்பாலும் பித்தளை. ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது. பூஜைத் தட்டுக்கும் குத்துவிளக்குக்கும் அது நன்றாகவே இருக்கும், குறை சொல்வதற்கில்லை, ஆனால் உடம்பில் போடும் நகைக்கு, அதுவும் குழந்தைக்கு, எனக்குச் சம்மதம் இல்லை. நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் இருக்கிறது, வியர்வையும் உப்புத் தண்ணீரும் படப்பட அரிப்பும் தடிப்பும் வந்துவிடும். காலில் கொலுசு பட்ட இடம் வட்டமாகச் சிவந்து போய் வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

பில் விஷயம் பலருக்குத் தெரியாது. ஜி.எஸ்.டி. பில்லில் பொருள் எந்த வகை என்று குறிக்கும் ஹெச்.எஸ்.என். என்று ஒரு எண் இருக்கும். வெள்ளி, தங்க நகைகளுக்கு அது 7113 என்று தொடங்கும். முலாம் பூசியது உட்பட இமிட்டேஷன் நகைகளுக்கு 7117. விற்பனைப் பக்கத்தில் 925 சில்வர் என்று போட்டு விற்றுவிட்டு பில்லில் 7117 என்று போட்டிருந்தால் விற்றவரே எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரி. 7113 என்று இருந்தால் உலோகம் சரி என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது, ஆனால் அதிலிருந்து அவர் பின்வாங்க முடியாது. சிறிய வியாபாரிகள் பில்லில் இந்த எண் இல்லாமலும் வரலாம், அது குற்றமில்லை. எண் இல்லாவிட்டாலும் '925 வெள்ளி, நிகர எடை இத்தனை கிராம்' என்று பில்லில் எழுதித் தருவீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். வெள்ளி விற்கிறவர் தயங்காமல் சரி என்பார். பில் கிடையாது, முன்பணம் மட்டும் அனுப்புங்கள் என்கிற சமூக வலைத்தளக் கணக்குகளில் வெள்ளி வாங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். விமர்சனங்களைப் படிப்பதாக இருந்தால், வந்த அன்றே 'சூப்பர்' என்று எழுதியதைத் தள்ளிவிட்டு, சில மாதம் போட்ட பிறகு படத்தோடு எழுதியதைத் தேடுங்கள்.

பார்சல் வந்ததும் பிரிப்பதைக் கைப்பேசியில் வீடியோ எடுங்கள், குறிச்சீட்டைக் கழற்றாதீர்கள், காலில் போட்டுப் பார்க்காதீர்கள். கீறுவது, உரசுவது, ஆசிட் வைப்பது எதையும் முதலில் செய்யக் கூடாது, பொருளில் தழும்பு விழுந்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். கண்ணும் தராசும் தண்ணீரும் முதலில்.

கண்ணால் எங்கே பார்ப்பது என்பதற்கு ஒரு கொலுசைச் சொல்கிறேன். பெரியபட்டினத்திலிருந்து ஒரு அம்மா விற்க எடுத்து வந்தது, நெட்டில் வாங்கியதாம், சலங்கை வைத்த கனமான ஜோடி. தூரத்தில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. லென்ஸ் வைத்து எஸ் கொக்கியின் உள்வளைவைப் பார்த்தேன், வளையம் உரசுகிற அந்த ஒரே இடத்தில் மெல்லிய பிறை அளவுக்கு மஞ்சள் தெரிந்தது. சலங்கையின் வாய் ஓரத்திலும் அதே மஞ்சள். 925 முத்திரையின் விளிம்புகள் மழுங்கி இருந்தன, முத்திரை அடித்த பிறகு மேலே முலாம் ஏறினால் எழுத்தின் கூர்மை போய்விடும். "நம்பரு போட்டிருக்கேப்பா" என்றார் அந்த அம்மா. அவர் சம்மதத்தோடு குறட்டால் ஒரு வளையத்தை வெட்டிக் காட்டினேன், வெட்டிய முகம் முழுக்க பித்தளை மஞ்சள். அசல் கொலுசில் அதே வளையத்தை வெட்டினால் உள்ளேயும் வெள்ளைதான் இருக்கும். புதுக் கொலுசில் இந்தத் தேய்மானம் இருக்காது என்பது உண்மை, ஆனால் போக்குவரத்தில் உரசியே கொக்கி முனையில் நிறம் மாறியிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், அதனால் முதலில் அங்கே பாருங்கள். பற்ற வைத்த இடங்களில் மட்டும் லேசான மஞ்சள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பொடி (பற்ற வைக்கும் உலோகக் கலவை) வைத்த இடம் அசலிலும் கொஞ்சம் நிறம் மாறித் தெரியும்.

வீட்டுச் சோதனைகளில் நான் முழு மனதோடு சொல்வது தண்ணீர்த் தராசு. இரண்டு தசம இடம் காட்டும் சின்ன நகைத் தராசு இணையத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது. முதலில் கொலுசை அப்படியே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், 41.2 கிராம் என்று வைப்போம். பிறகு ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள், டம்ளரோடு சேர்ந்த எடை தராசின் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொலுசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடாதபடி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூலைக் கையில் பிடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், விட்டுவிடக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்தான் கொலுசு தள்ளிய தண்ணீரின் எடை, அதாவது அதன் கன அளவு. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். தராசு 3.98 காட்டினால் 41.2-ஐ அதனால் வகுக்க 10.35 வருகிறது, 925 வெள்ளி அந்த இடத்தில்தான் நிற்கும். பித்தளையாக இருந்தால் தராசு 4.85 பக்கம் காட்டி, விடை எட்டரை அளவில் வரும். ஜெர்மன் சில்வரும் அதே எட்டரையை ஒட்டித்தான் வரும், செம்பு 9-க்குச் சற்றுக் கீழே, எவர்சில்வர் 8-க்கு அருகில், மலிவான துத்தநாக வார்ப்பு 7-க்கும் கீழே. முலாம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்தக் கணக்கை ஏமாற்றுவது கஷ்டம், ஏனென்றால் உள்ளே இருக்கும் உலோகம்தான் பெரும்பங்கு.

ஆனாலும் இதற்கு எல்லை உண்டு. சலங்கைக்குள்ளும் கண்ணிகளுக்கு நடுவிலும் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் அடர்த்தி குறைத்துக் காட்டும், நல்ல வெள்ளியையே போலி என்று சொல்லிவிடும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, கொலுசை உள்ளே நன்றாக ஆட்டி, குமிழி எல்லாம் வெளியேறிய பிறகு எண்ணைப் படியுங்கள். கல் வைத்தது, உள்ளே கூடாக அடைத்துப் பற்ற வைத்தது, அரக்கு நிரப்பிய காப்பு, தண்டை, இதற்கெல்லாம் இந்தக் கணக்கு பொருந்தாது. 4 கிராம் மெட்டிக்கும் மெல்லிய மோதிரத்துக்கும் தராசின் பிழையே விடையை ஆட்டிவிடும், கொஞ்சம் கனமான பொருளுக்குத்தான் நம்பலாம். முக்கியமாக, 80 டச் வெள்ளியின் அடர்த்தி 10.1 பக்கம் வரும், 925-க்கு 10.35, இந்தச் சின்ன வித்தியாசத்தை வீட்டுத் தராசை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எட்டரை வந்தால் திருப்பி அனுப்புங்கள். பத்துக்கு மேல் வந்தால் முலாம் இல்லை, வெள்ளிதான் என்று ஏறக்குறைய நம்பலாம், ஆனால் 925-தானா என்பது இன்னும் பாக்கி.

மற்ற சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது, ஆனால் கொக்கியின் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் அசல் நகையிலும் எஃகாக இருக்கலாம், அந்த இடத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகாது, பித்தளையும் செம்பும்கூட ஒட்டாது. பனிக்கட்டியை வைத்தால் வேகமாக உருகும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள், வெப்பம் கடத்துவதில் செம்பு வெள்ளிக்கு ரொம்பப் பக்கத்தில் வரும், அதனால் முலாம் பூசிய செம்பும் அதே மாதிரி உருக்கும். தட்டி ஓசை கேட்பது தட்டுக்கும் நாணயத்துக்கும் சரி, சங்கிலிக்கு ஒன்றும் தெரியாது. நைட்ரிக் ஆசிட் சோதனை நிஜமாகவே நல்ல சோதனை, ஆனால் வீட்டில் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், தோலையும் கண்ணையும் கெடுத்துவிடும், அதன் புகையும் ஆபத்து. பட்டறையில் அரத்தால் ஒரு கீறு போட்டு, உள் உலோகம் தெரியும் இடத்தில் ஒரு சொட்டு வைப்போம். பச்சையாக நுரைத்தால் அடியில் செம்போ பித்தளையோ. வெள்ளி கரைந்திருந்தால் அதில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் திரிந்த பால் மாதிரி வெள்ளையாகத் திரளும், அது வெள்ளி குளோரைடு. கீறாமல் மேலாக ஆசிட் வைத்தால் முலாமில் இருக்கும் வெள்ளிதான் பதில் சொல்லும், அதனால் கீறாமல் செய்த ஆசிட் சோதனையை யார் காட்டினாலும் நம்ப வேண்டியதில்லை.

கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே மெஷினைப் பற்றியும் இதே எச்சரிக்கைதான். நகையைக் கெடுக்காமல் சதவீதத்தைக் காட்டுகிறது, 925-ஐயும் 80 டச்சையும் பிரிப்பதற்கு அதைவிட வசதியான வழி இல்லை, ஆனால் அது மேல் தோலை மட்டும்தான் படிக்கிறது. தடிமனான முலாம் போட்டால் அதையும் ஏமாற்றலாம். தண்ணீர்த் தராசு உள்ளேயும், மெஷின் வெளியேயும் பார்ப்பதால், இரண்டும் ஒத்துப்போனால் நான் திருப்தி அடைவேன். அதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் ஹால்மார்க் மையத்தில் கொஞ்சம் உலோகம் எடுத்து இரசாயன முறையில் சோதிப்பார்கள், நமக்கு மதுரையில் அப்படி மையங்கள் இருக்கின்றன. சாதாரணக் கொலுசுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, வெள்ளி அரைஞாண் கொடி, பெரிய சீர்ச் சாமான் என்றால் போகலாம்.

போலி என்று தெரிந்துவிட்டால் தாமதிக்காதீர்கள். விற்பனைப் பக்கத்தை அன்றைக்கே படமெடுத்து வையுங்கள், புகார் போனதும் பக்கம் காணாமல் போய்விடும். தண்ணீர்ச் சோதனையையும் வீடியோ எடுத்து அனுப்புங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதையும் தாண்டினால் நுகர்வோர் ஆணையம்: விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இணையத்திலும் பதிவு செய்யலாம். ஹால்மார்க் போட்ட நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த அளவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று பி.ஐ.எஸ். விதி இருக்கிறது, ஹால்மார்க் பார்த்து வாங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்தக் கொலுசு. நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று வரிசை சலங்கை தெரிகிறது, அப்படி ஒரு ஜோடி என் கணக்கில் 40 கிராமுக்குக் கீழே வராது. விற்பனைப் பக்கத்தில் எடை எழுதவில்லை, பேஸ் மெட்டல் என்ற இடத்தில் 'அலாய்' என்று இருக்கிறது, விலை 999. அது முலாம், வாங்க வேண்டாம். அதே பட்ஜெட்டுக்குள்தான் வேண்டுமென்றால், சலங்கை இல்லாத மெல்லிய செயின் கொலுசாக, எடை எழுதிய, ஹெச்.யு.ஐ.டி. உள்ள ஒன்றைத் தேடுங்கள், இல்லையென்றால் உங்கள் ஊர்க் கடையிலேயே டச் என்ன என்று வாய்விட்டுக் கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நாத்தனாரின் கொலுசைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆப்பச்சோடாவில் வெளுத்து, தண்ணீரில் எடை போட்டு, இரண்டு எண்ணையும் கொக்கியின் உள்வளைவைக் கிட்டத்தில் எடுத்த படத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.